சதுரக் குறியும் வாணிகமும்

விற்கும் பொருளுக்கு ஓர் அடையாளம் இடுவது வாணிகத்தில் மிகப் பழைய வழக்கம். இதன் பயனை விருதுநகர் மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் நிறுவினார்கள். தீப்பெட்டித் தொழில் வளர வளர, பெட்டியின்மீது ஒட்டும் லேபிளின் தேவையும் வளர்ந்தது. லேபிளின் தேவை அச்சுத் தொழிலை வளர்த்தது. விலங்கும் பறவையும் மலரும் அந்த லேபிள்களில் வண்ண வண்ணமாக நின்றன. எழுத்தறியாதவரும் கடைக்குச் சென்று, படத்தின் பெயரைச் சொல்லித் தமக்கு வேண்டிய பெட்டியைக் கேட்டு வாங்கினர். எல்லாருக்கும் விளங்கும்படி அமைந்த குறி அது.

இன்று கடைதோறும் வேறொரு குறி வந்து அமர்ந்திருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமான சிறு கட்டங்கள் நிறைந்த சதுரம் அது. எழுத்தறியாதவராலும் அதனைப் படிக்க இயலாது. பல கலை கற்றவராலும் படிக்க இயலாது. மனிதர் கண்ணுக்கு ஊமையாகிய அச்சதுரம் கைப்பேசியின் முன்னர் மட்டுமே வாய் திறக்கிறது. கியூ.ஆர். குறி என்பது அதன் பெயர். விரைந்து மறுமொழி தருவது என்னும் பொருளுடைய இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. மக்களோ பேச்சு வழக்கில் அந்த அட்டையையே ‘ஸ்கேனர்’ என்கின்றனர். உண்மையில் ஸ்கேன் செய்வது கைப்பேசி. அட்டை அதன் பார்வைக்குத் தன்னைக் காட்டி நிற்பது. எனினும் வழக்கில் நிலைத்த பெயரை யார் மாற்ற முடியும்?

இந்தக் குறி வாணிகத்துக்கு எவ்வாறு உதவுகிறது, எங்கே உதவாது என்பதை ஓர் ஊரை முன்னிறுத்திப் பார்ப்பது நலம். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகக் கொல்லத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னர் இருப்பது கிருஷ்ணன்கோவில். வத்திராயிருப்புக்கும், அதன் வழியே சதுரகிரி மலையின் அடிவாரமாகிய தாணிப்பாறைக்கும் செல்லும் சாலை இங்கே பிரிகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மலையேறச் செல்லும் அடியார்கள், வெளியூரிலிருந்து வந்து கல்வி பயிலும் மாணவர்கள், குற்றாலத்துக்கும் கேரளத்துக்கும் போகும் பயணிகள் எனப் பலரும் இவ்வழியே செல்கின்றனர். இத்தகைய ஊரில் ஒரு கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரை வாழ்நாளில் ஒரே ஒருமுறை பார்த்தாலும் பார்க்கலாம். உள்ளூர்க் கடையில் முகத்தைக் கண்டு வளரும் நம்பிக்கை, வழிப்போக்கரிடம் வளர்வதற்குக் காலம் இல்லை. போகிறவர் கையில் கடையின் பெயரும் செய்தியும் சேர்ந்து போகவேண்டும். அந்த வேலையைச் சதுரக் குறி செய்யுமா என்பதே நம்முன் உள்ள வினா.

முதலில் இதன் பிறப்பைக் காண்போம். இதற்கு முன்னோடி, சோப்புப் பெட்டியிலும் பிஸ்கட் உறையிலும் நாம் காணும் கோட்டுப் பட்டைக் குறியாகும். அமெரிக்காவைச் சேர்ந்த நார்மன் ஜோசப் உட்லண்டு, பெர்னார்டு சில்வர் என்னும் இருவர் 1952இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர். ஆயினும் அது கடைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில், ஒரு மெல்லும் கோந்துப் பொட்டலத்தின் பட்டைக் குறி முதன்முதலாகக் கடை யந்திரத்தால் படிக்கப்பட்டது. பட்டைக் குறியில் செய்தி இடமிருந்து வலமாக ஒரே திசையில் செல்கிறது. கோட்டின் உயரத்தில் புதுச் செய்தி யாதும் இல்லை. ஆதலின் ஓர் எண்ணையோ சில எழுத்துகளையோ தாங்குவதோடு அதன் ஆற்றல் முடிந்துவிடுகிறது.

ஜப்பானில் மோட்டார் வாகன உறுப்புகளைக் கையாளும் தொழிற்சாலைகளில் இந்தக் குறைபாடு பெருந்தொல்லையாக இருந்தது. ஒரே பெட்டியின்மீது பல பட்டைகளை ஒட்டி, ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்தது. டென்சோ நிறுவனத்தின் பொறியாளர் மசாஹிரோ ஹாரா இதற்குத் தீர்வு தேடினார். கோ என்னும் ஆட்டத்தில் கட்டப் பலகையின்மீது கறுப்புக் காய்களும் வெள்ளைக் காய்களும் பரந்து கிடப்பதைக் கண்டபோது, செய்தியையும் இவ்வாறே குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பலாமே என்ற எண்ணம் தமக்கு உதித்ததாக அவர் கூறியுள்ளார். 1994இல் சதுரக் குறி வெளியாயிற்று. நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தும், விதிப்படி குறியைப் பயன்படுத்துவோரிடம் அவ்வுரிமையை நாட்டிக் கட்டணம் கேட்பதில்லை என்று அறிவித்தது. 2000ஆம் ஆண்டில் அது உலகத் தர விதியாகவும் ஏற்கப்பட்டது. இன்று கிருஷ்ணன்கோவிலில் இளநீர் விற்பவரும் யாருக்கும் ஒரு காசு கொடாமல் இந்தக் குறியைப் பயன்படுத்த முடிவதற்கு அந்தத் தாராள மனமே காரணம்.

குறியின் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். மூன்று மூலைகளில் சதுரத்துக்குள் சதுரமாக மூன்று கண்கள் உள்ளன. நான்காம் மூலையில் அத்தகைய பெருங்கண் இல்லை; அதனாலேயே எது மேல், எது கீழ் என்பதைக் கைப்பேசி அறிந்துகொள்கிறது. அட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது சரியாகப் படிப்பதன் மருமம் இதுவே. அக்கண்ணின் நடுவே ஒரு கோடு இழுத்தால், கறுப்பும் வெள்ளையும் 1, 1, 3, 1, 1 என்ற விகிதத்தில் மாறி மாறி வரும். அச்சிட்ட தாள்களையெல்லாம் ஆராய்ந்து, மிக அரிதாகவே காணப்படும் விகிதம் எது என்று தேடி இதனைத் தெரிந்தெடுத்தார்கள். சுற்றிலும் எத்தனை எழுத்தும் படமும் இருப்பினும் குறி இருக்கும் இடத்தைக் கைப்பேசி நொடியில் கண்டுகொள்வது இதனால்தான்.

மிகச் சிறிய குறியில் பக்கத்துக்கு 21 கட்டங்கள் உண்டு. மிகப் பெரியதில் 177. இவற்றுக்கிடையே மொத்தம் 40 அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. செய்தி நீள நீளக் கட்டங்கள் பெருகும். ஒவ்வொரு கட்டமும் சிறுத்துப்போகும். இவற்றுள் ஒரு பகுதி செய்திக்கு உரியது. மற்றொரு பகுதி, செய்தி சிதைந்தால் அதனை மீட்பதற்கு உரியது. ரீடு, சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட முறை இதற்கு அடிப்படை. வீட்டுக் கணக்கில் ஒரு தொகை அழிந்துபோனாலும், மற்றத் தொகைகளும் மொத்தக் கூட்டலும் இருந்தால் அழிந்ததைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அது போன்றதே இதுவும். ஆனால் இதன் கணிதம் மிக நுட்பமானது. இந்த மீட்பு ஆற்றலை நான்கு படிகளாக வைத்துள்ளனர். ஏறத்தாழ 7, 15, 25, 30 விழுக்காடு வரை குறி சிதைந்தாலும் செய்தியை மீட்கலாம். எண்ணெய்க் கறை படிந்த உணவு விடுதி அட்டையும், ஓரம் கிழிந்த தாளும் வேலை செய்வது இதனாலே.

தமிழில் எழுத விரும்புவோர் இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். மிகப் பெரிய சதுரம் 2,953 பைட் செய்தியைத் தாங்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். கணினி வழக்கிலே தமிழ் எழுத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் மூன்று பைட் வேண்டும். ‘கோ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கோ ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என இரண்டு உறுப்புகள். ஆகவே ஆறு பைட். நான்கே எழுத்துடைய ‘பால்கோவா’ என்னும் சொல் 24 பைட் ஆகிவிடுகிறது. பதினைந்து விழுக்காட்டு மீட்பு ஆற்றலோடு அதனை 21 கட்டச் சதுரத்துள் அடக்க இயலாது. 25 கட்டச் சதுரம் வேண்டும். இதனால் தமிழைக் கைவிட வேண்டும் என்பது பொருளன்று. நீண்ட தமிழ்ச் செய்தியைக் குறிக்குள் திணிக்காமல், இணையப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதன் சுருக்கமான முகவரியைக் குறிக்குள் இடவேண்டும் என்பதே பொருள்.

இதிலிருந்து வாணிகர் அறியவேண்டிய முதன்மையான வேறுபாடு ஒன்று தோன்றுகிறது. செய்தி குறிக்குள்ளேயே இருக்கலாம். அல்லது குறி ஒரு வழிகாட்டியாக மட்டும் நின்று, செய்தி வேறோரிடத்தில் இருக்கலாம். கடையின் பெயர், தொலைபேசி எண் ஆகியவை குறிக்குள்ளேயே இருந்தால், அலைத்தொடர்பு இல்லாத மலையடிவாரத்திலும் கைப்பேசி அவற்றைப் படித்துவிடும். ஆனால் அச்சிட்ட பின்னர் அவற்றை மாற்ற முடியாது. இணைய முகவரியை இட்டால், அங்குள்ள விலையையும் செய்தியையும் நாள்தோறும் மாற்றலாம்; எத்தனை பேர், எந்த நாளில் திறந்தார்கள் என்று எண்ணவும் செய்யலாம். பேருந்து நிறுத்தத்தில் ஒன்றும் கடைவாயிலில் ஒன்றுமாக இருவேறு குறிகளை வைத்தால், எந்த விளம்பரம் பயன்பட்டது என்பது விளங்கும். ஆனால் இணையப் பக்கத்துக்கான ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தத் தவறினால் குறி பாழாகும். பத்தாயிரம் பெட்டிகளைச் சிவகாசியில் அச்சிட்டு அடுக்கியபின், ஆறாம் மாதத்தில் முகவரி செத்துப்போனால் பெட்டிகள் அனைத்திலும் பயனற்ற சதுரமே எஞ்சும். பெட்டி விற்றுத் தீரும்வரை முகவரியை உயிரோடு வைத்திருக்க முடியுமா என்று எண்ணிப் பார்த்தபின்னரே அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.

நம் நாட்டில் சதுரக் குறியை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது பணம் செலுத்தும் முறையே. 2016இல் இந்திய தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் யூ.பி.ஐ. முறையைத் தொடங்கியது. கடையில் ஒட்டியுள்ள குறிக்குள் பணம் இருப்பதில்லை. பணம் பெறுவோரின் கணக்கு முகவரியும் பெயருமே இருக்கின்றன. தொகையை வாங்குவோர் தாமே தட்டுகிறார். தொகையும் சேர்ந்து வரவேண்டுமானால் ஒவ்வொரு விற்பனைக்கும் புதுக் குறியைத் திரையில் காட்டும் கருவி வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிக் குறியை வைத்திருந்தமையால், கடையின் மேசை அட்டைகளால் நிறைந்தது. 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, தனிக் குறிகளைப் புதிதாகத் தொடங்கலாகாது என்றும், இருப்பவற்றை 2022 மார்ச் 31க்குள் பொதுக் குறிக்கு மாற்றவேண்டும் என்றும் ஆணையிட்டது. எந்தச் செயலி வைத்திருப்பவரும் ஒரே அட்டையில் பணம் செலுத்த முடிவது இவ்வாறு வந்த வசதியாகும்.

பணத்துக்கு அப்பாலும் குறி பரவியிருக்கிறது. 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது இடம் பெற்றது. பாடத்துக்குரிய காட்சிகளை மாணவர் அதன் வழியே காண்கின்றனர். குறிப்பிட்ட 300 மருந்துகளின் உறையில் பட்டைக் குறியோ சதுரக் குறியோ இருக்கவேண்டும் என்னும் விதி 2023 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில், பார்வைக் குறையுடையோருக்கு உதவும் பொருட்டு உணவுப் பொருள்களில் இக்குறியை இடுமாறு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பரிந்துரைத்தது. கைப்பேசி குறியைப் படித்துக் குரலில் சொன்னால், லேபிளைக் காண இயலாதவரும் பொருளின் விவரத்தை அறியலாம் அல்லவா? கண்ணுள்ளவரால் படிக்க இயலாத சதுரம் கண்ணில்லாதவருக்கு உதவுவது இவ்விஞ்ஞானத்தின் விந்தைகளுள் ஒன்று.

இனிக் கிருஷ்ணன்கோவிலில் பால்கோவா விற்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். பாலும் சர்க்கரையுமே அதன் சரக்கு. ஆதலின் நெடுநாள் வைத்துண்ண முடியாது. பெட்டியின்மேல் அவர் இடும் குறி எதனைச் சொல்லவேண்டும்? வாங்கியவர் வீட்டுக்குச் சென்றபின் எழும் ஐயங்களுக்கு விடை சொல்லவேண்டும். எத்தனை நாள் வைத்திருக்கலாம், எவ்வாறு வைக்கவேண்டும், மறுபடி வரவழைப்பது எப்படி, குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்பவையே அவ்வையங்கள். இவற்றைத் தமிழில் நான்கே வரியில் சொல்லும் பக்கம் போதும். கடையின் வரலாறும் முதலாளியின் படமும் பின்னால் வரலாம். ஆனால் செய்த நாள், சரக்கு, பதினான்கு இலக்க உணவு உரிம எண் ஆகியவற்றைப் பெட்டியின்மீது எழுத்தில் அச்சிட்டே தீரவேண்டும். குறி இருக்கிறதே என்று அவற்றை விட்டுவிடலாகாது. கைப்பேசி இல்லாத மூதாட்டியும் வாடிக்கையாளரே.

அச்சிடும் முறையிலும் சில விதிகள் உண்டு. எவ்வளவு தொலைவிலிருந்து படிக்கவேண்டுமோ, அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறியின் பக்க அளவாக இருத்தல் வேண்டும். ஒரு முழத் தொலைவில் பிடித்துப் பார்க்கும் பெட்டிக்கு இரு விரலகலம் போதும். இரண்டு மீட்டர் தொலைவில் நின்று பார்க்கும் சுவரொட்டிக்கு 20 சென்டிமீட்டர் வேண்டும். குறியைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடவேண்டும். அழகுக்காக அங்கே பூவேலை செய்தால் கைப்பேசி தடுமாறும். வெளிர்நிறத் தளத்தில் கருநிறக் குறியே நன்று. பெட்டியின் மடிப்பிலும், பாட்டிலின் மிக வளைந்த பக்கத்திலும், வெயிலில் பளபளக்கும் தாளிலும் குறி சரிவரப் படிக்கப்படாது. ஓடும் பேருந்தின் பின்புறத்தில் குறி ஒட்டுவது, பார்ப்பவர் கைப்பேசியை எடுப்பதற்குள் பறந்துவிடும் விளம்பரமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சுக்கு அனுப்புமுன் பழைய கைப்பேசி ஒன்றாலும் படித்துப் பார்க்கவேண்டும். வாடிக்கையாளர் அனைவரும் புதுக் கைப்பேசி வைத்திருப்பதில்லை.

இதுவரை பயன்களைச் சொன்னோம். இனி எச்சரிக்கை. சதுரக் குறி இருக்கும் பெட்டி உண்மையான பெட்டி என்று பலர் எண்ணுகின்றனர். இது பெரும்பிழை. குறி என்பது தாளில் உள்ள மை. ஒருமுறை படமெடுத்தால் ஆயிரம் முறை அச்சிடலாம். போலிப் பால்கோவாவின் பெட்டியிலும் உண்மையான கடையின் குறியை அப்படியே ஒட்டிவிடலாம். கைப்பேசியும் உண்மையான கடையின் பக்கத்தையே திறந்து காட்டும்! போலியைத் தடுக்கவேண்டுமாயின் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி எண் வேண்டும்; அந்த எண் எப்போது படிக்கப்பட்டது என்ற கணக்கை உற்பத்தியாளர் வைத்திருக்கவேண்டும்; ஒரே எண் பல ஊர்களில் மீண்டும் மீண்டும் தோன்றினால் ஐயுறவேண்டும். இத்தனை ஏற்பாடும் இல்லாத குறி, நற்சான்று ஆகாது.

பணக் குறியிலும் இதே ஆபத்து உண்டு. கடையின் அட்டைமேல் வேறொருவர் தம் குறியை ஒட்டிவிட்டால், நாளெல்லாம் விற்ற பணம் அவர் கணக்குக்குப் போகும். கட்டங்களைப் பார்த்து வேறுபாடு காண எவராலும் இயலாது. ஆதலின் கடைக்காரர் காலையில் கடை திறந்ததும் தம் அட்டையைத் தாமே ஒருமுறை படித்துப் பெயரைச் சரிபார்ப்பது நன்று. பணம் வந்ததைக் குரலில் அறிவிக்கும் சிறு பெட்டி இதற்குத் துணையாகும். வாங்குவோரும் தொகையைத் தட்டுமுன் திரையில் தோன்றும் பெயர் கடைக்காரருடையதுதானா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். மற்றொன்றையும் நேயர்கள் மறவாதிருத்தல் வேண்டும். பணம் பெறுவதற்கு எவரும் குறியை ஸ்கேன் செய்யவோ இரகசிய எண்ணைத் தட்டவோ வேண்டியதில்லை. “உமக்குப் பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியை ஸ்கேன் செய்து உம் இரகசிய எண்ணைப் போடும்” என்று ஒருவர் சொன்னால், அவர் அனுப்புபவர் அல்லர், பறிப்பவர்.

உணவுப் பட்டியலைக் காட்டுவதற்குக் குறியை வைத்துவிட்டு, திறந்தவுடன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்கும் வழக்கமும் சில இடங்களில் காணப்படுகிறது. தனியார் விவரங்களைக் காக்கும் சட்டம் நம் நாட்டில் 2023இல் நிறைவேறியுள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இட்லியின் விலையை அறிய வந்தவரிடம் ஊரும் பேரும் கேட்பது விருந்தோம்பல் ஆகுமா?

இவை யாவற்றையும் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பார்ப்பவரால் படிக்க முடியாத குறி இது. ஆகவே அதனைத் திறப்பவர் ஒவ்வொருவரும் கடைக்காரரின் சொல்லை நம்பியே திறக்கிறார். அந்த நம்பிக்கைக்கு ஈடாகக் கடைக்காரர் செய்யவேண்டியது மிகச் சிறிது. குறியின் பக்கத்தில், தெளிந்த தமிழில், பெரிய எழுத்தில், “இது பணம் செலுத்த, பெறுபவர் பெயர் இது” என்றோ, “இது பண்டத்தின் விவரம் அறிய” என்றோ ஒரு வரி எழுதி வைக்கவேண்டும். எழுதியபடியே குறி திறக்கவும் வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால், ஒட்டப்பட்ட போலியையும் வாங்குவோர் எளிதில் அறிந்துகொள்வர். எழுத்தில் ஒரு பெயரும் திரையில் வேறு பெயருமாக இருப்பது கண்ணில் படாமல் போகாது.

சதுரகிரிக்கு வந்தவர் பால்கோவாவை வாங்கிக்கொண்டு தம் ஊர் சேர்ந்தபின், பெட்டியின் மேலுள்ள குறியைத் திறந்து பார்க்கக்கூடும். அங்கே சொல்லியிருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒத்திருந்தால், அவர் மறுமுறையும் அந்தக் கடையைத் தேடுவார். ஒத்திராவிட்டால், கட்டங்களை எத்தனை அழகாக அச்சிட்டிருந்தாலும் அவரை மறுபடி அழைத்துவர அச்சதுரத்துக்கு ஆற்றல் இல்லை.